மீன் தொட்டியில் வெள்ளைப்புள்ளி: மருந்தை ஊற்றும் முன் தண்ணீரைப் பாருங்கள்

கோவையிலிருந்து ஒருவர் கேட்டது இது: “இரண்டடித் தொட்டி வைத்திருக்கிறேன். ஏஞ்சல், நியான் டெட்ரா, கோரிடோரஸ் எல்லாம் ஆறு மாதமாக நன்றாக இருந்தன. மார்கழியில் நான்கு மொல்லி வாங்கி விட்டேன். ஐந்தாம் நாள் மொல்லி உடம்பில் உப்புத் தூவினதுபோல் வெள்ளைப் புள்ளிகள். கடையில் கொடுத்த நீல மருந்தை ஊற்றினேன். இரண்டே நாளில் புள்ளிகள் போய்விட்டதால் மருந்தை நிறுத்திவிட்டேன். ஒரு வாரம் கழித்து எல்லா மீனுக்கும் வந்துவிட்டது. இப்போது மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. இரண்டு ஏஞ்சல் செத்துவிட்டன. மீதியை எப்படிக் காப்பாற்றுவது? வீட்டில் என்னென்ன மருந்து வைத்திருக்க வேண்டும்?”

இன்றிரவு செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணமெல்லாம் அப்புறம். நீல மருந்தை இனி ஒரு சொட்டுகூட ஊற்ற வேண்டாம். தொட்டித் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை அடியிலிருந்து குழாய் வைத்து உறிஞ்சி வெளியே விடுங்கள். குளோரின் போன, தொட்டியில் இருக்கும் அதே சூட்டில் உள்ள தண்ணீரை மெதுவாகச் சேருங்கள். பக்கெட் தண்ணீர் சில்லென்று இருந்தால் கொஞ்சம் வெந்நீர் கலந்து சரிசெய்துகொள்ளலாம். ஏர் பம்பை முழு வேகத்தில் வையுங்கள். நாளை முழுவதும் தீனி வேண்டாம். நல்ல நிலையில் இருந்த மீன் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது. தின்னாமல் கிடந்து அழுகும் தீனிதான் ஆபத்து. கையை உள்ளே விடும் முன் ஹீட்டர், ஃபில்டர் இரண்டின் பிளக்கையும் கழற்றிவிடுங்கள், இதை ஒருநாளும் மறக்காதீர்கள்.

இனி, மீன்கள் ஏன் மேலே வந்து மூச்சு வாங்குகின்றன என்று பார்ப்போம். வெள்ளைப்புள்ளிக் கிருமி தோலில் மட்டும் உட்காருவதில்லை, செவுளிலும் உட்காரும். செவுளில் இருப்பது நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் உங்கள் தொட்டியில் இன்னொரு காரணமும் இருக்கும் என்று நினைக்கிறேன். கடைகளில் கிடைக்கும் நீல மருந்து பெரும்பாலும் மெத்திலீன் புளூ. ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்களை அது பாதிக்கும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுவது அந்த பாக்டீரியாக்கள்தான். அவை அடிபட்டால், ஆறு மாதம் ஓடிய தொட்டி மறுபடி முதல் நாள் தொட்டி ஆகிவிடும். பழைய நிலைக்கு வர நான்கு முதல் ஆறு வாரம்கூட ஆகலாம். அதற்குள் அம்மோனியா செவுளை அரிக்கும், நைட்ரைட் இரத்தம் ஆக்ஸிஜன் சுமக்கும் திறனைக் கெடுக்கும். மூச்சு வாங்கும் மீனைப் பார்த்து இன்னும் கொஞ்சம் மருந்து ஊற்றுவது இந்த இடத்தில்தான் மீனைக் கொல்கிறது.

அதனால் வீட்டில் முதலில் வாங்க வேண்டியது டெஸ்ட் கிட். மருந்தெல்லாம் அதற்கு அடுத்துதான். அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஹெச் (தண்ணீர் எவ்வளவு அமிலம், எவ்வளவு காரம் என்று காட்டும் எண்) நான்கையும் சொட்டு மருந்து விட்டுப் பார்க்கும் கிட் கிடைக்கிறது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் போதும். அம்மோனியா கொஞ்சம் காட்டினால் பிஹெச் எவ்வளவு என்று உடனே பாருங்கள். 25 டிகிரியில் பிஹெச் 7 இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் நூற்றில் அரைப் பங்கு அளவுதான் விஷ வடிவில் இருக்கும். பிஹெச் 8 ஆனால் அது நூற்றில் ஐந்துக்கு மேல் போய்விடும். அதாவது அம்மோனியா கூடாமலே விஷம் மட்டும் பத்து மடங்காகும். இப்படிப்பட்ட நேரத்தில் பிஹெச் கூடிய போர் தண்ணீரை எடுத்து ஊற்றினால் நல்லது செய்யப்போய்க் கெடுதலாகிவிடும். நைட்ரைட் காட்டினால் லிட்டருக்கு ஒரு கிராம் கல் உப்பு பெரிய உதவி. உப்பில் உள்ள குளோரைடு, செவுள் வழியாக நைட்ரைட் உள்ளே போவதைத் தடுக்கும்.

சரி, வெள்ளைப்புள்ளிக்கு வருவோம். இந்தக் கிருமி எப்படி வாழ்கிறது என்று தெரிந்துகொண்டால், இரண்டு நாளில் புள்ளி போனதும் ஒரு வாரத்தில் திரும்பி வந்ததும் ஏன் என்று தானாகப் புரியும். இது ஓர் ஒற்றைச் செல் உயிரி. 1876-ல் ஃபூக்கே என்ற பிரெஞ்சுக்காரர் இதை விவரித்து இக்தியோஃப்திரியஸ் மல்டிஃபிலிஸ் என்று பெயர் வைத்தார். ‘நிறையப் பிள்ளை பெறும் மீன் பேன்’ என்று பொருள். மீன் வளர்ப்பவர்கள் சுருக்கி ‘இக்’ என்கிறோம். நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு வெள்ளைப் புள்ளியும் மீனின் மேல்தோலுக்கு அடியில் உட்கார்ந்து தின்று கொழுக்கும் ஒரு கிருமி. தோல் அதற்குப் போர்வை மாதிரி. அந்த நிலையில் தண்ணீரில் ஊற்றும் மருந்து அதைத் தொடாது. சில நாள் தின்று பெருத்ததும் தானாகவே மீனை விட்டுக் கழன்று அடியில் விழும். கல்லிலோ செடியிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி ஓர் உறை கட்டிக்கொள்ளும். அந்த உறைக்குள்ளும் மருந்து சரியாகப் போகாது. உள்ளே பிரிந்து பிரிந்து நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரம் குஞ்சுகள் ஆகிவிடும். பிறகு உறை வெடித்து அவை தண்ணீரில் நீந்தி மீனைத் தேடும். சுமார் இரண்டு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் செத்துப்போகும். மருந்தோ உப்போ அவற்றைக் கொல்வது இந்த நீந்தும் நிலையில் மட்டும்தான்.

உங்கள் மொல்லி மேல் இருந்த புள்ளிகள் மருந்தால் சாகவில்லை, பெருத்துக் கழன்று விழுந்தன. நீங்கள் மருந்தை நிறுத்திய நேரத்தில் அவை கல்லுக்குள் பெருகிக்கொண்டிருந்தன. அடுத்த வாரம் ஏஞ்சல் மேல் ஏறியது அந்தப் பிள்ளைகள்தான். இதில் உங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. புள்ளி போனதும் நோய் போனது என்றுதான் யாரும் நினைப்பார்கள். என் முதல் தொட்டியில் நானும் இதையே செய்து எட்டு மீன்களைப் பறிகொடுத்தேன். போதாததற்கு ‘கிருமி ஒளிந்திருக்கும்’ என்று ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, மிச்சமிருந்த நல்ல பாக்டீரியாவையும் கொன்றேன். அந்த எட்டில் பாதி அம்மோனியாவில் போனவை என்று இப்போது தெரிகிறது.

இந்தச் சுற்று எவ்வளவு நாள் எடுக்கும் என்பது தண்ணீரின் சூட்டைப் பொறுத்தது. 25, 26 டிகிரியில் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். குளிர்ந்த தண்ணீரில் வாரக்கணக்கில் இழுக்கும். சூட்டைக் கூட்டுவதன் நோக்கம் இந்தச் சுற்றை வேகப்படுத்தி, கிருமியைச் சீக்கிரம் வெளியே வரவைப்பது. 30 டிகிரியில் பெரும்பாலான இக் சரியாகப் பெருகவும் முடியாது. உங்கள் ஏஞ்சல், டெட்ரா, மொல்லி எல்லாம் வெப்பநாட்டு மீன்கள், இரண்டு வாரம் 30 டிகிரியைத் தாங்கும். கோரிடோரஸுக்கு அது கொஞ்சம் அதிகம்தான், ஆனால் காற்று நன்றாக இருந்தால் சமாளித்துவிடும். கோல்டு ஃபிஷ் வைத்திருப்பவர்கள் இதை அப்படியே செய்ய வேண்டாம்.

இன்று தண்ணீர் மாற்றி, மீன்கள் கொஞ்சம் நிதானத்துக்கு வந்த பிறகு நாளையிலிருந்து சூட்டை ஏற்றுங்கள். ஒரே மூச்சில் ஏற்றக்கூடாது. சில மணி நேரத்துக்கு ஒரு டிகிரி என்று ஒன்றரை நாளில் 30-க்குக் கொண்டுபோனால் போதும். உங்கள் தொட்டிக்கு 75 வாட் ஹீட்டர் சரியாக இருக்கும். ஹீட்டரில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாமல் தனியாக ஒரு தெர்மாமீட்டர் ஒட்டி அதைப் பாருங்கள். தண்ணீர் சூடாக ஆக அதில் கரையும் ஆக்ஸிஜன் குறையும். 25 டிகிரியில் லிட்டருக்கு எட்டு மில்லிகிராமுக்கு மேல் கரையும் ஆக்ஸிஜன், 30-ல் ஏழரைக்கு இறங்கிவிடும். செவுள் புண்ணான மீனுக்கு அந்தக் குறைவே பெரிது. அதனால் ஏர் பம்ப் இரவும் பகலும் ஓட வேண்டும். கரண்ட் போகும் ஊர் என்றால் பேட்டரியில் ஓடும் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும்.

உப்பைப் பற்றி நிறையக் குழப்பம் இருக்கிறது. தண்ணீரின் அளவைச் சரியாகக் கணக்கிடுவதில்தான் முதல் தவறு நடக்கிறது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியை 60, 30, 30 சென்டிமீட்டர் என்று பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 54 லிட்டர் வரும். ஆனால் கல், செடி, மேலே விட்ட இடைவெளி போக உண்மையில் 45 லிட்டர்தான் இருக்கும். மருந்தோ உப்போ அந்த 45-க்குத்தான். கோரிடோரஸும் டெட்ராவும் இருப்பதால் லிட்டருக்கு ஒரு கிராமோடு நிறுத்துங்கள். அதாவது 45 கிராம் கல் உப்பு. சமையலறைத் தராசில் நிறுத்து, மூன்று பங்காக்கி, தனிப் பாத்திரத்தில் கரைத்து, ஒரு நாளுக்குள் மூன்று முறை ஊற்றுங்கள். கல்லாக அப்படியே போட்டால் அடியில் திரியும் கோரிடோரஸின் வயிறு புண்ணாகும். உப்பு ஆவியாகாது. ஆவியான தண்ணீரை ஈடுகட்டும்போது உப்பு சேர்க்கக் கூடாது. பத்து லிட்டர் எடுத்துவிட்டுப் பத்து லிட்டர் மாற்றினால் மட்டும் பத்து கிராம் சேர்க்க வேண்டும். செடிகளில் சில வாடும், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு நாளைக்கு ஒரு முறை அடியில் இருக்கும் கல்லைக் கிளறி உறிஞ்சி எடுங்கள். மருந்து தொடாத உறைகளை இப்படி வெளியே எடுத்துவிடலாம். இத்தனையும் செய்தும் நான்கைந்து நாளில் நிலைமை திரும்பவில்லை, புதுப் புள்ளிகள் வந்துகொண்டே இருக்கின்றன என்றால், மாலகைட் கிரீன் கலந்த வெள்ளைப்புள்ளி மருந்துக்குப் போகலாம். டெட்ராவுக்கும் கோரிடோரஸுக்கும் பாட்டிலில் சொன்னதில் பாதி அளவு போதும். ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், அது மருந்தையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். கையுறை இல்லாமல் அந்த மருந்தைத் தொட வேண்டாம், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். கர்ப்பிணிகள் இருக்கும் வீட்டில் இன்னும் கவனம் தேவை. உணவுக்காக வளர்க்கும் மீனுக்கு மாலகைட் கிரீனைப் பயன்படுத்தக் கூடாது என்று தடையே இருக்கிறது.

கடைசிப் புள்ளி மறைந்த நாளிலிருந்து எண்ணி இன்னும் பத்து நாளாவது சூட்டையும் உப்பையும் அப்படியே வைத்திருங்கள். இந்தப் பத்து நாளை விட்டுவிடுபவர்களுக்குத்தான் நோய் திரும்ப வருகிறது.

இது எங்கிருந்து வந்தது என்று கேட்டால், மொல்லியோடுதான் வந்திருக்கும். தமிழ்நாட்டில் விற்கும் வண்ண மீன்களில் நிறைய, சென்னை கொளத்தூர்ப் பக்கத்துப் பண்ணைகளில் வளர்ந்தவை. ஆக்ஸிஜன் அடைத்த பையில் இரவு முழுக்கப் பயணம் செய்து, ஒரு கடைத் தொட்டியில் இறங்கி, இரண்டு நாளில் இன்னொரு பையில் உங்கள் வீட்டுக்கு வரும். இந்த அலைச்சலில் எந்த மீனும் தளரும். அதோடு கோவையின் மார்கழி இரவு. ஹீட்டர் இல்லாத தொட்டியில் பகலில் 26 இருந்த தண்ணீர் விடியற்காலையில் 21-க்கு இறங்கும். மீனின் எதிர்ப்புச் சக்தி குறைய இந்த ஏற்ற இறக்கமே போதும். இன்னொன்று, நீங்கள் சிறுவாணித் தண்ணீர் பிடிப்பவராக இருந்தால் அது மிகவும் மென்மையான தண்ணீர். நியான் டெட்ராவுக்கு அமிர்தம், மொல்லிக்கு ஆகாது. மொல்லி உப்பும் சுண்ணாம்பும் உள்ள கடினத் தண்ணீர் மீன். மென்னீரில் ஓரிடத்தில் நின்று உடம்பை ஆட்டிக்கொண்டே இருக்கும், நோய்கள் சுலபமாகப் பிடிக்கும். இரண்டையும் ஒரே தொட்டியில் வைப்பது இரண்டில் ஒன்றுக்கு எப்போதும் கஷ்டம்தான். முடிந்தால் மொல்லிகளைப் போர் தண்ணீர் உள்ள தனித் தொட்டிக்கு மாற்றுங்கள்.

இனி எந்தப் புது மீன் வந்தாலும் மூன்று நான்கு வாரம் தனியாக வைக்க வேண்டும். அதற்குக் கண்ணாடித் தொட்டி வேண்டாம். 25 லிட்டர் பிளாஸ்டிக் டப், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு சின்ன ஹீட்டர், ஒளிந்துகொள்ள ஒரு பிவிசி குழாய்த் துண்டு. கல்லும் செடியும் வேண்டாம். அந்த ஸ்பாஞ்ச் ஃபில்டரை எப்போதும் பெரிய தொட்டியின் மூலையிலேயே ஓடவிட்டால் பாக்டீரியா ஏறித் தயாராக இருக்கும். பை தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். வலை, குழாய் இரண்டும் டப்புக்குத் தனியாக இருக்கட்டும்.

மேலே சொன்ன வெப்ப வைத்தியத்தை எல்லா வெள்ளைக்கும் செய்யக் கூடாது. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். வாயைச் சுற்றிப் பஞ்சு ஒட்டினாற்போல், அல்லது முதுகில் சேணம் போட்டதுபோல் வெளிறிய பட்டை தெரிந்தால் அது பெரும்பாலும் காலம்னாரிஸ் என்ற பாக்டீரியா. பார்க்கப் பூஞ்சை மாதிரி இருக்கும், பூஞ்சை மருந்துக்குக் கேட்காது. அது சூட்டில் இன்னும் வேகமாகப் பெருகும். 30 டிகிரிக்கு ஏற்றினால் ஒரே நாளில் தொட்டி காலியாகலாம். அதற்குச் சூட்டை 24 பக்கம் இறக்கி, நோயுற்ற மீனைப் பிரித்து, பாக்டீரியா மருந்து கொடுக்க வேண்டும். இக் புள்ளிகள் தனித்தனியாக, கல் உப்புத் துணுக்குப்போல் இருக்கும். பஞ்சும் படலமும் வேறு நோய். இருட்டில் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்க்கும்போது தங்கத்தூள் பூசினாற்போல் மினுக்கினால் அது வெல்வெட் நோய். அந்தக் கிருமி ஒளியிலிருந்தும் சத்து எடுக்கும் என்பதால் விளக்கை அணைத்து, தொட்டியைத் துணியால் மூடி வைப்பது வைத்தியத்தில் ஒரு பகுதி. அதற்கான செம்பு மருந்து நத்தையையும் இறாலையும் கொன்றுவிடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். துடுப்பு ஓரம் கிழிந்து கரைந்தால் பெரும்பாலும் தண்ணீர் அழுக்கு. இரண்டு வாரம் அடிக்கடி தண்ணீர் மாற்றினாலே வளர்ந்துவிடும். செதில்கள் சிலிர்த்து வயிறு ஊதினால் சிறுநீரகம் செயலிழந்திருக்கும். தனியாக எடுத்து 20 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி எப்சம் உப்பு போட்டுப் பார்க்கலாம், பிழைப்பது அபூர்வம். கப்பி, மொல்லியின் ஆசனவாயில் சிவப்பு நூல் நீட்டிக்கொண்டிருந்தால் கமல்லானஸ் புழு, லெவமிசோல் என்ற புழு மருந்துக்குக் கேட்கும். நியான் டெட்ராவின் நீலக் கோடு திட்டுத் திட்டாக வெளுத்து முதுகு வளைந்தால் மருந்து கிடையாது, உடனே பிரித்துவிடுங்கள்.

வீட்டில் என்ன வைத்திருக்க வேண்டும் என்று கேட்டீர்கள். டெஸ்ட் கிட், தெர்மாமீட்டர், கல் உப்பு, குளோரின் நீக்கும் ஆன்டி குளோரின், எப்சம் உப்பு, வெள்ளைப்புள்ளி மருந்து ஒரு பாட்டில், அந்தப் பிளாஸ்டிக் டப். இவ்வளவுதான். காய்ந்த வாதாங்கொட்டை மர இலை ஒன்றிரண்டு போடலாம், ஃபைட்டர் மீன் வளர்ப்பவர்கள் காலங்காலமாகப் போடுவதுதான், தண்ணீரை லேசாக அமிலமாக்கும், மீனுக்கு இதமாக இருக்கும். ஆனால் வந்த நோயை அது மட்டும் தீர்க்காது. மஞ்சள்தூள் வேண்டாம், தண்ணீரைத்தான் கெடுக்கும். வீட்டில் மிச்சமிருக்கும் டெட்ராசைக்ளின் காப்ஸ்யூலைப் பிரித்துக் கொட்டும் பழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது, தயவுசெய்து செய்யாதீர்கள். எந்த பாக்டீரியா என்று தெரியாமல் அரைகுறை அளவில் போட்டால் நோய் போகாது, மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிஞ்சும், அந்தத் தண்ணீர் சாக்கடை வழியாக வெளியேயும் போகிறது. பாக்டீரியா நோய் என்று சந்தேகம் வந்தால் மீன் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். தூத்துக்குடி, பொன்னேரி மீன்வளக் கல்லூரிகளில் மீன் நோயைப் படித்தவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் கையையும் பார்த்துக்கொள்ளுங்கள். மீன்களுக்குக் காசநோய் மாதிரி வரும் மைகோபாக்டீரியம் மரினம் என்ற கிருமி, வெட்டுக்காயம் வழியாக மனிதருக்கும் வரும். விரலில் ஆறாத கட்டி, புண் வந்தால் மருத்துவரிடம் ‘மீன் தொட்டி வைத்திருக்கிறேன்’ என்று மறக்காமல் சொல்லுங்கள். அதைச் சொல்லாததால் மாதக்கணக்கில் தவறான மருந்து சாப்பிடுபவர்கள் உண்டு.

பிழைக்காது என்று தெரிந்த மீனை வெளியே போட்டுத் துடிக்கவிடாதீர்கள். ஒரு லிட்டர் தொட்டித் தண்ணீரில் முதலில் நாலைந்து சொட்டு கிராம்பு எண்ணெயை நன்றாகக் குலுக்கிக் கலந்தால் மீன் மயங்கிவிடும். பிறகு இன்னும் பத்துப் பதினைந்து சொட்டு சேர்த்து அரைமணி நேரம் விட்டால் வலியில்லாமல் அடங்கிவிடும். செவுள் அசைவு முழுவதும் நின்ற பிறகு மண்ணில் புதையுங்கள். நோயுற்றதோ வேண்டாததோ, எந்த மீனையும் குளத்தில் விடக் கூடாது. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கி, பெரிதானதும் விட்ட சக்கர் மீன்கள் நம் ஏரிகளில் பெருகி, வலையைக் கிழிப்பதும் நாட்டு மீன்களின் இடத்தைப் பிடிப்பதுமாக இருக்கின்றன.

இந்த முறை பிழைக்கும் மீன்களுக்கு இக் கிருமிக்கு எதிரான எதிர்ப்புச் சக்தி ஓரளவு வந்துவிடும், அடுத்த தாக்குதலை அவை நன்றாகத் தாங்கும். பத்து நாள் சுத்தமாகக் கழிந்ததும் ஹீட்டரை நாளுக்கு ஒரு டிகிரி இறக்கி 26-ல் நிறுத்துங்கள், தை முடியும்வரை அங்கேயே ஓடட்டும். உப்பைத் தண்ணீர் மாற்றி மாற்றிக் கரைத்துவிடலாம். அம்மோனியாவும் நைட்ரைட்டும் தொடர்ந்து இரண்டு வாரம் பூஜ்யம் காட்டிய பிறகுதான் புது மீனைப் பற்றி யோசிக்க வேண்டும். ஏஞ்சல் வாங்குவதானால் ஒன்றரை அடி உயரத் தொட்டி வந்த பிறகு வாங்குங்கள், ஓரடித் தண்ணீரில் அதன் துடுப்பு விரிய இடமில்லை. இன்றிரவு எடுக்கும் டெஸ்ட் எண்களையும், ஒவ்வொரு மீனிலும் எத்தனை புள்ளி என்பதையும் ஒரு காகிதத்தில் தேதி போட்டு எழுதி வையுங்கள். மூன்றாம் நாள் அந்த எண்களை அனுப்பினால், மருந்து தேவையா இல்லையா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.